மச்சான் பிரித்துக் கொடுத்த பாகங்கள்

பால்பவுடர் டப்பாவுக்குள், ஒரு பழைய பூத்துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை உள்ளே செருகி வைத்திருந்தது அந்த ஹார்ட் டிஸ்க். கையகலம்தான், ஆனால் பார்ப்பதைவிடக் கையில் கனம். ஒரு மூலையில் மட்டும் துரு. மேலே ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில் மச்சானின் சாய்ந்த எழுத்தில் ‘நம்ம வீட்டு கம்ப்யூட்டர்’ என்று இருந்தது. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்போம். லாத்தாவின் கணவர்தான் மச்சான். அவர் காலமாகி, நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த வாரம் லாத்தா இதை என்னிடம் கொடுத்தாள். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா காலம் அவளுக்கு இன்னும் முடியவில்லை. பொழுது போவதற்காக அலமாரிகளை ஒவ்வொன்றாக ஒழித்துக்கொண்டிருந்தாள். “இதுல அவங்க எதுவும் வச்சிருக்காங்களான்னு பாரு தம்பி. ஒண்ணுமில்லன்னா தூக்கிப் போட்டுடலாம்” என்றாள்.

நான் அதை உடனே செருகிப் பார்க்கவில்லை. பல வருடங்களாக டைரி எழுதுகிறவன் நான். ஒன்றைப் பார்த்த பிறகு எழுத உட்கார்ந்தால், பார்த்ததற்குத் தகுந்தபடி நினைவு தன்னைத் திருத்திக்கொண்டுவிடும் என்பது என் அனுபவம். அதனால் இந்த டிஸ்க்கைத் திறப்பதற்கு முன்னால், இதைப் பற்றியும் மச்சானைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததை எழுதி வைத்துவிடுகிறேன்.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். இங்கே வீடு பெண்ணுக்கு. மகனுக்குப் படிப்பு உண்டு, கடை உண்டு, வயல் இருந்தால் அதிலும் பங்கு உண்டு, வீடு கிடையாது. மகளுக்குக் கல்யாணம் ஆகும்போது வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிடுவார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். இரண்டு மகள்கள் இருந்தால் நடுவில் சுவர் எழும்பும். மகன் தன் கல்யாணத்தன்று துணிப்பெட்டியோடு இன்னொரு தெருவுக்குப் போய்விடுவான். இதில் யாருக்கும் வருத்தம் இருப்பதாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. மழை எந்த மாதம் வரும் என்பதைப் போல எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு அது. மச்சான் மட்டும் வெளியூர். பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த குடும்பம். அங்கே பெண்தான் புருஷன் வீட்டுக்குப் போவாள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் அவர் துண்டை எங்கே காயப்போடுவது என்று கேட்டுக் கேட்டுப் போட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கடைசியில் வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். அப்புறம் எத்தனை வருடம் ஆனபோதும் அவர் துண்டு அந்த ஆணியைவிட்டு வீட்டுக்குள் நகரவே இல்லை.

வளைகுடாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் சாமான் கிடங்கில் அவருக்கு வேலை. எந்தச் சாமான் எந்தத் தட்டில் என்று பெயர் எழுதி ஒட்டுவதுதான் தொழில் என்பதால், லீவில் வந்தாலும் கை சும்மா இருக்காது. சமையலறை டப்பாக்களில் எல்லாம் தாள் ஒட்டிவிடுவார். உப்பு டப்பாவில் உப்பு என்று எழுதியிருந்தால்தான் மச்சானுக்கு உப்பு கரிக்கும் என்பாள் தங்கச்சி. அவர் சிரித்துக்கொண்டே மிளகு டப்பாவுக்குத் தாள் கத்தரிப்பார்.

உம்மாவுக்கும் அவருக்கும் நேரடிப் பேச்சு கிடையாது. அதுவும் வழக்கம்தான். மாமியார் மாப்பிள்ளையின் முன்னால் வருவதில்லை. முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் பச்சைத் திரை ஒன்று தொங்கும். அதற்குப் பின்னால் நின்றபடி, “மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு இடியாப்பம் வேணுமான்னு கேளு” என்று உம்மா என்னிடம் சொல்வார். மச்சானின் காதில் அது விழுந்திருக்கும். இருந்தாலும் நான் திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்து, “போதும்னு மாமிகிட்ட சொல்லு” என்பார். அந்தத் திரையின் இரண்டு பக்கத்துக்கும் பல வருடம் நான்தான் தபால்காரன்.

வெளிநாட்டுச் சாமான்கள் தஞ்சாவூர்க் கடைகளிலேயே கிடைக்கத் தொடங்கியிருந்த காலம். தொண்ணூறுகளின் கடைசி. அந்த முறை லீவில் வந்த மச்சான், கணினிக்குத் தேவையானவற்றில் பாதியை வளைகுடாவிலிருந்தே கொண்டுவந்தார். மீதியைத் தஞ்சாவூரில் வாங்கினோம். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கைப்பையில், லாத்தாவுக்கு வாங்கிய சால்வைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். முன்னறையில் மேசை போட்டு எல்லாவற்றையும் பூட்டி முடித்ததும், ஒரு ஃப்ளாப்பியைச் செருகி, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளோடு வெகுநேரம் மன்றாடினார். டிஸ்க்கை அப்படியே ஒரே வெளியாக விடக்கூடாது, பாகம் பிரிக்க வேண்டும், ஒரு பாகம் கெட்டாலும் மற்றது பிழைக்கும் என்று கூட இருந்த மலையாளி நண்பர் சொல்லிக் கொடுத்திருந்தாராம். உள்ளே இருப்பது ஒரே தட்டுதான்; ஆனால் எல்லை போட்டுவிட்டால் தனித்தனி டிஸ்க் போலவே கணினி நடத்தும்.

மற்றவர்கள் என்றால் படம், பாட்டு, வேலை என்று பிரித்திருப்பார்கள். மச்சான் எங்களைப் பிரித்தார். முதல் பாகமான சி, விண்டோஸுக்கும் எல்லோருக்கும் பொது. அதற்குப் பொது என்றே பெயர் வைத்தார். அடுத்த பாகம் டி, உம்மாவுக்கு. அதற்கடுத்த இ, லாத்தாவுக்கும் அப்போது கைக்குழந்தையாக இருந்த அவள் மகளுக்கும். எஃப், தங்கச்சிக்கு. கடைசியில் ஜி, எனக்கு. அதற்குத் தம்பி என்று பெயர். எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில். உம்மாவுக்கு எதற்கு, அவர் இதைத் தொடப்போவதில்லையே என்று லாத்தா கேட்டாள். “வீட்டுக்குப் பெரியவங்களை விட்டுட்டு எப்படிப் பிரிக்கிறது?” என்றார் மச்சான். திரைக்குப் பின்னால் உம்மா சிரிப்பது கேட்டது.

நாலு பேருக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும் என்ற கவனத்தில் அவர் ஒரு தப்புச் செய்திருந்தார். பொதுவுக்கு இடம் குறைந்துவிட்டது. எல்லோருக்கும் அறை பிரித்துக் கொடுத்துவிட்டு நடக்க நடை விடாத வீடு மாதிரி. அது எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

அன்று மத்தியானம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மச்சான் கேட்டார்: “உன் இடத்துல ஒரு ஓரமா என் சாமானையும் வச்சிக்கவா?” அப்போதுதான் அவர் தனக்கென்று ஒரு பாகம் போட்டுக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்தேன். ஏன் என்று கேட்டேன். “நான் வந்தவன், நீ போகப்போறவன். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு மூலை போதாதா?” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். என் பாகத்துக்குள் தன் பெயரில் ஒரு ஃபோல்டர் வைத்துக்கொண்டார். அதில் அவருடைய வேலை விண்ணப்பம், கூட இருப்பவர்களோடு எடுத்த படங்கள், பேராவூரணித் தோப்பின் ஸ்கேன் பண்ணிய ஒரு பழைய போட்டோ இவையெல்லாம் இருந்தன. எனக்கு அந்த ஜி மேல் ஒரு பற்று வந்தது. அந்த வீட்டில் என் பெயர் எழுதியிருந்த ஒரே இடம் அதுதான்.

சில வருடங்கள் கணினி நன்றாக ஓடியது. வாரத்துக்கு ஒரு நாள் இன்டர்நெட் இணைப்புப் போட்டு மச்சானோடு பேசுவோம். குழந்தை மைக்கை நக்கும். பிறகு பொது நிரம்பத் தொடங்கியது. விண்டோஸ் தன் வேலைக்குத் தன் பாகத்திலேயே இடம் கேட்கும். பக்கத்துப் பாகம் வெட்டவெளியாகக் கிடந்தாலும் தானாகப் போய் அதில் உட்காராது. தேவையில்லாததை எல்லாம் நான் துடைத்துப் பார்த்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே மச்சானின் குரல் அறுந்துபோகும். குழந்தை, “வாப்பாவ யாரு அமுக்குனா?” என்று கேட்கும். கடைசியில் கணினி பாதி நாள் எழுந்திருக்கவே இல்லை.

தங்கச்சியின் கல்யாணத்துக்காக மச்சான் லீவில் வந்தது அந்தச் சமயத்தில்தான். உம்மா ஏற்கனவே வீட்டை இரண்டு மகள்கள் பெயருக்கும் எழுதிக் கொடுத்திருந்தார். நடுச்சுவர் பாதி எழும்பியிருந்தது. எனக்கும் மேலத்தெருவில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். வீடு முழுக்கச் சிமெண்டு வாசனை. மச்சான் தஞ்சாவூர் போய், பாகங்களை விரிக்கவும் சுருக்கவும் கூடிய ஒரு மென்பொருளை வாங்கிவந்தார். அன்று வீட்டில் நடந்த பேச்சு, சுவர் எங்கே வரவேண்டும் என்று நடந்த பேச்சைவிட நீளம்.

யாருடையதை எடுப்பது என்பதில் தங்கச்சிக்குச் சந்தேகமே இல்லை. “இன்னும் ரெண்டு மாசத்துல காக்கா மேலத்தெரு மாப்பிள்ளை. அங்க போயி புதுசா வாங்கிக்கட்டும்” என்றாள். என்னைத்தான் காக்கா என்பாள்; அண்ணனுக்கு எங்கள் வீட்டுச் சொல் அது. லாத்தாவும் நியாயம் அதுதான் என்றாள். நானும், எடுத்துக்கங்க மச்சான் என்று சொல்லிவிட்டேன். என் குரல் சாதாரணமாக இருந்தது என்றே நினைத்துக்கொண்டேன்.

மச்சான்தான் தயங்கினார். அடுத்தடுத்து இருக்கும் பாகங்களைத்தான் நேராகச் சேர்க்க முடியும். என்னுடையது கடைமடை, பொது தலைமடை. நடுவில் மூன்று பாகங்கள். என்னுடையதை அழித்தால், தங்கச்சியுடையதை அங்கே நகர்த்தி, லாத்தாவுடையதை அதற்கடுத்து நகர்த்தி, உம்மாவுடையதையும் நகர்த்தி, அப்புறம்தான் பொதுவை விரிக்க முடியும். ஒவ்வொன்றும் நகர மணிக்கணக்காகும். நகரும்போது கரண்ட் போனால் அந்தப் பாகம் நடுவழியில் சிதறிவிடும். லாத்தாவின் பாகத்தில்தான் குழந்தையின் முதல் பேச்சு முழுவதும் இருந்தது. அந்தக் கோடையில் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை. இவ்வளவையும் விளக்கிய மச்சான் இரண்டு விஷயங்களைச் சொல்லவில்லை. பொதுவுக்கு ஒட்டினாற்போல் உம்மாவின் பாகம் ஒன்றுமில்லாமல் கிடக்கிறது என்பது ஒன்று. என்னுடையது போனால் அவருடைய மூலையும் போய்விடும் என்பது இன்னொன்று.

திரைக்குப் பின்னாலிருந்து உம்மா என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, எம்பேர்ல ஒண்ணு வச்சாங்களே, அது எங்க இருக்குன்னு மாப்பிள்ளைகிட்ட கேளு.”

“முதல் இடத்துக்கு அடுத்தது மாமியோடதுதான்னு சொல்லு” என்றார் மச்சான்.

“அதுல என்ன இருக்கு?”

மச்சான் மவுஸைத் துடைக்கத் தொடங்கினார். நான்தான் ஒன்றுமில்லை என்றேன்.

“அப்ப அதை எடுக்கச் சொல்லு.”

உம்மா, உங்க பேரை எப்படி அழிக்கிறது என்று லாத்தா ஆரம்பித்தாள். உம்மா சத்தம் உயர்த்தாமல்தான் பேசினார். “வீட்டையே ரெண்டு பேருக்கும் எழுதிக் குடுத்துட்டேன். அப்ப யாரும் எம்பேரு போகுதேன்னு அழல. இந்தப் பையனுக்கு இந்த வீட்ல ஒரு செங்கல்லு நான் குடுக்க முடியல. மாப்பிள்ளை குடுத்த மூலையாவது அவனுக்கு இருக்கட்டும். மாப்பிள்ளையோட சாமானும் அங்கதானே கிடக்கு.”

அது உம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரைக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு எல்லாம் கேட்கும்போலிருக்கிறது.

மச்சான் வேலையைத் தொடங்கினார். டி-யைத் தேர்ந்து அழி என்று கொடுத்ததும் ஒரு சின்னக் கட்டம் வந்தது. தவறுதலாக அழித்துவிடாமல் இருக்க, அழிக்கப்போகும் பாகத்தின் பெயரை நாமே ஒரு முறை தட்டச்சு செய்து காட்ட வேண்டும். டி என்று மட்டும் விட்டிருந்தால், அல்லது படம், பாட்டு என்று வைத்திருந்தால், இரண்டு நொடி வேலை. மச்சான் விசைகளின் மேல் கையை வைத்தார், எடுத்துவிட்டார். “நீ அடி” என்றார் என்னிடம். நான் முடியாது என்று தலையாட்டினேன். லாத்தா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். எங்களில் யாரும் மூடநம்பிக்கைக்காரர்கள் இல்லை. ஆனாலும் உயிரோடு திரைக்குப் பின்னால் நிற்கிறவரின் பெயரை எழுதி, இதை அழி என்று சொல்ல எங்களில் யார் விரலும் வரவில்லை.

இன்னும் என்ன தாமதம் என்று கேட்டார் உம்மா. சொன்னேன். “எம்பேரைத்தானே கேக்குது? நானே எழுதறேன், தள்ளுங்க” என்றார்.

மச்சான் நாற்காலியைவிட்டு எழுந்தார். உம்மா முன்னறைக்கு வர, அவர் உள்ளறைக்குப் போய்த் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டார். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார். அவர் குர்ஆன் ஓதுவார். அரபு எழுத்தில் எழுதிய தமிழை வேகமாக வாசிப்பார். ஆங்கில எழுத்து தெரியாது. நான் விரல் வைத்துக் காட்டப் போனபோது திரைக்குப் பின்னாலிருந்து மச்சானின் குரல் வந்தது.

“மாமி, முதல் எழுத்து கிண்ணம் மாதிரி இருக்கும்.”

அவர் உம்மாவிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். உம்மாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு விரல் விசைகளின் மேல் தேடிப் போனது. “மேல் வரிசையிலா?” என்று கேட்டார். அவரும் நேராகவே கேட்டார்.

“ஆமா மாமி. அடுத்தது கீழ் வரிசையில. ரெண்டு கூம்பு சேர்ந்தாப்புல இருக்கும்.”

“இருக்கு.”

“அதையே இன்னொரு தரம்.”

“ஒரு தரம் சொன்னா இதுக்குப் புரியாதாமா?”

திரை அசைந்தது. மச்சான் சிரித்திருக்க வேண்டும். கடைசி எழுத்து, நடுவில் ஒரே ஒரு படி வைத்த ஏணி என்றார். உம்மா அதைக் கண்டுபிடித்து அழுத்தினார். நிச்சயமா என்று கணினி இன்னொரு தரம் கேட்டது. அதற்கு ஒய் என்ற எழுத்து; கவட்டை மாதிரி இருக்கும் என்றார் மச்சான். உம்மா அதையும் அழுத்திவிட்டு, மீன் அலசிய ஈரம் பட்டிருக்குமோ என்று முந்தானையால் விசைகளைத் துடைத்தார். “இவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனார். மச்சான் திரையின் ஓரமாக ஒதுங்கி அவருக்கு வழிவிட்டார்.

கரண்ட் போகவில்லை. நீலப் பட்டை ஒன்று ஊர்ந்து ஊர்ந்து முடிந்து, பொது விரிந்தது. கணினி மறுபடி எழுந்தபோது எல்லோரும் ஓர் எழுத்து முன்னால் நகர்ந்திருந்தோம். லாத்தா டி, தங்கச்சி இ, நான் எஃப். அடுத்த வாரம் குழந்தை தன் வாப்பாவோடு ஒரு தடவைகூட அறுபடாமல் பேசியது. பக்கத்துத் தெரு இன்டர்நெட் கடையில் உட்கார்ந்திருந்தவரோடுதான் என்றாலும், சரி பார்க்க வேண்டுமே.

நான் மேலத்தெருவுக்குப் போய்விட்டேன். ஆனாலும் வாரத்துக்கு இரண்டு நாளாவது உம்மா வீட்டுக்கு வருவதற்கு எனக்கு ஒரு வேலை இருந்தது. கணினியைத் திறந்து என் பாகத்தில் எதையாவது ஒழுங்கு செய்வேன். உம்மா பின்னால் வந்து நின்று, உன் இடம் பத்திரமா இருக்கா என்று கேட்பார். டீ வரும். இன்னும் சில வருடங்களில் உம்மா காலமானபோது மச்சான் வளைகுடாவில் இருந்தார். லீவு கிடைக்கவில்லை, அடக்கத்துக்கு வர முடியவில்லை. பல மாதம் கழித்து வந்தபோது கையில் ஒரு புது லேப்டாப் இருந்தது. வந்தவர் குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. போர்வை போட்டு மூடியிருந்த பழைய கணினியைத் திறந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். உம்மா வீட்டில் இல்லாத முதல் லீவில், வந்த மனுசன் முதலில் பெட்டியைத்தான் திறக்கிறார் என்று லாத்தா என்னிடம் குறைப்பட்டாள். லேப்டாப்புக்குக் கோப்புகளை மாற்றுகிறார் என்று நான் சமாதானம் சொன்னேன். அதை அணைத்துவிட்டு அவர் நேராக உம்மாவை அடக்கியிருந்த கபர்ஸ்தானுக்குப் போனார். அந்தப் பழைய கணினியை அதன் பிறகு யாரும் போடவில்லை; டிஸ்க்கை மச்சான் எந்த லீவில் கழற்றி எடுத்தார் என்று நான் கவனிக்கவில்லை. இதுவரைதான் எனக்குத் தெரியும்.

மேலே உள்ளதை எழுதி முடித்த மறு வெள்ளிக்கிழமை, பழைய டிஸ்க்கைப் பொருத்துவதற்கான கேபிளும் லேப்டாப்பும் எடுத்துக்கொண்டு லாத்தா வீட்டுக்குப் போனேன். திறப்பதை அங்கேயே திறப்பது சரி என்று பட்டது. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் தங்கச்சியின் வீடு பூட்டிக் கிடக்கிறது, அவர்கள் சிங்கப்பூரில். மைக்கை நக்கிய குழந்தை பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவள் கணவர் வந்தால் லாத்தாவோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடுவார். பச்சைத் திரை எப்போதோ போய்விட்டது. கம்பி மட்டும் இருக்கிறது. வாசல் ஆணியில் மச்சானின் துண்டை லாத்தா இன்னும் எடுக்கவில்லை.

டிஸ்க் ஒரு தரம் முனகியது. பிறகு சீராகச் சுற்றத் தொடங்கியது. திரையில் நான்கு பாகங்கள் வரிசையாக வந்தன. எழுத்துகள் கணினிக்குக் கணினி மாறும். வைத்த பெயர்கள் டிஸ்க்கோடு இருக்கும். தம்பி இருந்தது. தங்கச்சி, லாத்தா இருந்தன. முதலாவதாக, எல்லாவற்றிலும் பெரியதாக, பொது இருக்க வேண்டிய இடத்தில், நான்கே எழுத்தில் உம்மா என்று இருந்தது.

லாத்தா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். “அன்னிக்கே அழிச்சிட்டமே. எப்படி வந்துச்சு?”

அழித்தது வரவில்லை, பொது என்று இருந்ததற்கு மச்சான் இந்தப் பெயரை வைத்திருக்கிறார் என்றேன். அழிப்பதற்குத்தான் அது பெயரை எழுதச் சொல்லிக் கேட்கும். பெயர் வைப்பதற்கு ஒன்றும் கேட்காது. ஒரு நிமிட வேலை. லாத்தா வாசல் ஆணியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “அதுக்குத்தான் வந்ததும் உக்காந்தாங்களா?” என்றாள். என்னைக் கேட்கவில்லை.

மச்சான் பெயரில் தனிப் பாகம் எதுவும் அப்போதும் இல்லை. என் பாகத்தைத் திறந்தேன். ஓரத்தில் அவர் ஃபோல்டர் அப்படியே இருந்தது. அதற்குள் பேராவூரணித் தோப்பு இருந்தது. லாத்தா அதைப் பெரிதாக்கச் சொல்லி ஒவ்வொரு மரமாகப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் நான் முறைப்படி கழற்றி, டிஸ்க்கின் சூடு ஆறும்வரை கையில் வைத்திருந்தேன். இதை என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. லாத்தா பூத்துண்டை மடியில் விரித்து வாங்கிக்கொண்டாள். மச்சான் சுற்றியிருந்தபடியே இரண்டு சுற்று. முனையை உள்ளே செருகினாள்.